கேம் ஏமாத்துதா, பெடல் ஏமாத்துதா? ரேஸிங் கேம்ல கேட்ச்-அப் பிரச்சனைய அறிகுறி பாத்து சரி பண்றது

யாராவது புதுசா ஸ்டீயரிங் வீல் வாங்கி டிரைவிங் சிம் (நிஜ கார் ஓட்டுற மாதிரியே இருக்கிற கேம்) ஆட ஆரம்பிச்சா ரெண்டு மூணு வாரத்துல ஒரே புகாரோட என்கிட்ட வந்து நிப்பாங்க. “நான் எவ்ளோ வேகமா போனாலும் பின்னாடி கார் ஒட்டிக்கிட்டே வருது, அவனுக்கு மட்டும் கேம் தனியா வேகம் குடுக்குது”னு. சில தடவ அது உண்மைதான், கேம் கேட்ச்-அப் குடுக்குது, அதாவது ரேஸ் நெருக்கமா இருக்கணும்னு பின்தங்கின காருக்கு கேமே வேகம் ஏத்திக் குடுக்குது, ரப்பர் பேண்டிங்னும் சொல்வாங்க. ஆனா நான் பக்கத்துல உக்காந்து பாத்ததுல நிறைய தடவ காரணம் வேற எங்கயோ இருந்துச்சு, பெடல்ல, செட்டிங்ஸ்ல, இல்ல நம்ம ஓட்டுற விதத்துல. அதனால ஒவ்வொரு தடவையும் நான் என்ன வரிசைல பாக்குறேனோ அத அப்படியே எழுதிட்டேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க.

## எதுக்கும் முன்னாடி இத செட் பண்ணிக்கோங்க

டயர் தேய்மானம் ஆஃப், எரிபொருள் செலவு ஆஃப், டேமேஜ் ஆஃப், வானிலை மாறாம ஒரே வெயில். எரிபொருள் தீரத் தீர கார் எடை குறைஞ்சு தானாவே வேகமா ஓடும், அத கேட்ச்-அப்னு நினைச்சுட்டா அதுக்கப்புறம் எடுக்கிற முடிவு எல்லாமே தப்பாயிடும். உங்களுக்கு நல்லா பழகுன ஒரு டிராக், எல்லாருக்கும் ஒரே கார், 8 லேப் (சுற்று). கையில பேப்பர் பேனா கண்டிப்பா வேணும். லேப் டைம் எழுதி வைக்காம இந்த விஷயத்துல எதையுமே நிரூபிக்க முடியாது, “பாத்தாலே தெரியுது”ங்கிறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

## அறிகுறி 1: முன்னாடி போனாலும் பின்னாடி கார் விடவே மாட்டேங்குது

### 1-அ. மெனுலயே ஆன்ல இருக்கா?

முதல்ல இங்க பாருங்க, காசும் செலவில்ல நேரமும் செலவில்ல. 2000-கள்ல வந்த நீட் ஃபார் ஸ்பீட் சிலதுல கேட்ச்-அப்னே பேர் போட்டு ஆன் ஆஃப் குடுத்திருப்பாங்க. இப்ப வர்ற கேம்ல பேர் மாறியிருக்கும். கிரான் டூரிஸ்மோ 7-ல கஸ்டம் ரேஸ் (நாமளே அமைச்சுக்கிற ரேஸ்) செட்டிங்ஸ்ல பூஸ்ட்னு ஒண்ணு இருக்கு, பின்தங்கின காருக்கு வேகம் குடுக்கிறது அதுதான், பக்கத்துலயே ஸ்லிப்ஸ்ட்ரீம் (முன்னாடி கார் மறைவுல காத்துத் தடை குறையிறது) எவ்ளோ பலமா இருக்கணும்னும் கேக்கும், பூஸ்ட ஆஃப் பண்ணிட்டு ஸ்லிப்ஸ்ட்ரீம ரியல்ல வைங்க. ரேஸ்ரூம்ங்கிற கேம்ல அடாப்டிவ் ஏஐனு இருக்கு, அது உங்க வேகத்தப் பாத்து அடுத்தடுத்த ரேஸுக்கு எதிராளியோட அளவ மாத்தும், டெஸ்ட் பண்ணும்போது அத விட்டுட்டு ஒரு நம்பர்ல நிறுத்தி வைங்க. மரியோ கார்ட் மாதிரி கேம்ல இதெல்லாம் தேடவே வேணாம், பின்னாடி இருக்கிறவனுக்கு பெரிய ஐட்டம் கிடைக்கும்ங்கிறதுதான் அந்த ஆட்டமே, 1996-ல மரியோ கார்ட் 64-ல நீல ஓடுங்கிற ஐட்டம் வந்ததே முதல் ஆள அடிக்கத்தான்.

### 1-ஆ. நேர் ரோட்ல மட்டும் கிட்ட வந்து கார்னர்ல விலகுதா?

அப்ப அது ஸ்லிப்ஸ்ட்ரீம். முன்னாடி கார் காத்தக் கிழிச்சுக் குடுக்குது, பின்னாடி கார் அதுல சும்மா வழுக்கிக்கிட்டு வருது, நிஜத்துலயும் அப்படித்தான். எஃப்1 கேம்னா டிஆர்எஸ் இருக்கானும் பாருங்க, ஒரு செகண்டுக்குள்ள இருந்தா பின்னாடி காருக்கு இறக்கை திறக்கும், நிஜ எஃப்1-லயே 2011-லேர்ந்து 2025 வரைக்கும் இருந்த விதிதான் இது. இதுல சரி பண்ண ஒண்ணும் இல்ல.

### 1-இ. உங்க லேப் டைம் ஒரே மாதிரி இருக்கா?

எங்கிட்ட வந்த புகார்ல அதிகமா மாட்டினது இதுதான். எழுதி வச்ச உங்க 8 லேப்பப் பாருங்க. ஒருத்தர் தாள்ல இப்படி இருந்துச்சு: 1:42.0, 1:43.6, 1:41.8, 1:44.2. அவர் மனசுல நின்னது 1:41.8 மட்டும்தான், “நான் நாப்பத்தி ஒண்ணுல ஓட்றேன், அவன் எப்படி என்னப் புடிக்கிறான்”னு கேக்குறார். எதிராளி எல்லா லேப்பும் 1:42.7, 1:42.8னு மெஷின் மாதிரி ஓட்டியிருக்கான். கூட்டிக் கழிச்சுப் பாத்தா ரெண்டு பேரும் கிட்டத்தட்ட சமம், அதனாலதான் இவர் நல்ல லேப்ல ஒரு செகண்ட் விலகுறதும் மோசமான லேப்ல அவன் வந்து ஒட்டிக்கிறதுமா இருக்கு. உங்க நல்ல லேப்புக்கும் மோசமான லேப்புக்கும் நடுவுல ஒரு செகண்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா கேம குறை சொல்றத நிறுத்திட்டு எதிராளியே இல்லாம டைம் ட்ரையல்ல ஒரு வாரம் ஓட்டுங்க, வேகத்த விடுங்க, பத்து லேப்பும் அரை செகண்டுக்குள்ள வருதானு மட்டும் பாருங்க.

### 1-ஈ. நிறுத்திப் பாக்குற டெஸ்ட்

மேல சொன்ன மூணும் இல்லைன்னா இத பண்ணுங்க, இதுல தப்பிக்கவே முடியாது. முதல் ரேஸ்ல பச்சை விளக்கு விழுந்ததும் டிராக்க விட்டு ஓரமா நின்னுடுங்க, இல்ல பிட்லயே (டிராக் ஓரத்துல கார் நிறுத்துற இடம்) இருங்க, எதிராளிங்க அவங்க பாட்டுக்கு ஓட்டட்டும், முன்னாடி இருக்கிற மூணு காரோட லேப் டைம எழுதுங்க. முதல் லேப்ப கணக்குல சேக்காதீங்க, கூட்டத்துல மாட்டியிருப்பாங்க, டயர் சூடு வேற ஏறியிருக்காது. ரெண்டாவது ரேஸ்ல முழு வேகத்துல முன்னாடி போங்க, இடைவெளி 4, 5 செகண்ட் ஆகட்டும், அப்ப ரெண்டாவது வர்ற கார் என்ன டைம் போடுதுனு எழுதுங்க. மூணாவது ரேஸ்ல முன்னாடி போயிட்டு நாலாவது லேப்ல 15 செகண்ட் ஓரமா நின்னு எல்லாரையும் போக விட்டுட்டு திரும்பக் கிளம்புங்க, அவங்க டைம் மாறுதானு பாருங்க.

நான் ஒரு கேம்ல இத பண்ணப்ப கிடைச்சது இது: நான் இல்லாதப்ப முதல் கார் 1:42.5 பக்கத்துல நிலையா ஓட்டுச்சு. நான் 5 செகண்ட் முன்னாடி இருந்தப்ப அதே கார் 1:40.9. நான் நின்னு பின்தங்கினதும் 1:45.7. ஒரே கார், ஒரே டிராக், எரிபொருள் டயர் எல்லாம் ஆஃப், கிட்டத்தட்ட அஞ்சு செகண்ட் வித்தியாசம். இது கேட்ச்-அப், இதுக்கு மேல பேச்சே இல்ல. மூணு ரேஸ்லயும் எதிராளி டைம் அரை செகண்டுக்குள்ளயே இருந்துச்சுன்னா கேம் நேர்மையா இருக்கு, திரும்ப 1-இ-க்குப் போங்க.

### 1-உ. நிரூபணம் ஆயிடுச்சு, இப்ப என்ன பண்றது?

கேரியர் மோட்ல (கேம் வரிசையா குடுக்கிற ரேஸ்கள்ல) இருக்கிற கேட்ச்-அப் சில சமயம் கஸ்டம் ரேஸ்ல இருக்காது, அதே டெஸ்ட்ட அங்க பண்ணிப் பாருங்க. அங்கயும் இருந்தா அந்த கேம்ல டைம் ட்ரையலும் ஆன்லைனும் ஆடுங்க, கம்ப்யூட்டர் எதிராளியோட ஆட வேற கேம் வச்சுக்கோங்க. கேம் ஃபைல நோண்டி எடுத்துடலாம்னு போகாதீங்க, ஆன்லைன் அக்கவுண்டே தடை ஆக வாய்ப்பிருக்கு. உங்க மூணு ரேஸ் டைமையும் கேம் தயாரிச்சவங்களுக்கு எழுதி அனுப்புங்க, வெறும் கோவத்த விட நம்பரோட போற புகாருக்கு மதிப்பு ஜாஸ்தி. எனக்கு கேட்ச்-அப் மேல கோவம் கிடையாது, அத மறைச்சு வைக்கிறது மேலதான் கோவம், ஒருத்தர் ஒரு மாசம் உக்காந்து பிரேக் போடுற இடத்த பத்து மீட்டர் தள்ளிப் போடக் கத்துக்கிட்டு அரை செகண்ட் சம்பாதிக்கிறாரு, கேம் அத எதிராளிக்கும் சத்தமில்லாம குடுத்துடுதுன்னா அவர் கத்துக்கிட்டது அவருக்கே தெரியாமப் போயிடுது.

## அறிகுறி 2: நேர் ரோட்ல மட்டும் எல்லாரும் என்னத் தாண்டிப் போறாங்க

கார்னர்ல சமமா இருக்கேன், ரோடு நேரானதும் அவன் பறக்கிறான், அதுவும் ஒரே கார்ல. இதக் கேட்டாலே நான் பெடலத்தான் பாப்பேன்.

### 2-அ. கண்ணால பாருங்க

ஒரு தம்பி ஒரு மாசமா கேம் ஏமாத்துதுனு சொல்லிக்கிட்டிருந்தான். போய் குனிஞ்சு பாத்தேன், பெடலுக்கு அடியில விரிச்சிருந்த மேட்டோட ஓரம் சுருண்டு த்ராட்டிலுக்குப் (ஆக்சிலேட்டர் பெடல்) பின்னாடி போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, முழுசா மிதிச்சாலும் கடைசி விரற்கடை தூரம் பெடல் போகவே இல்ல. ஸ்கிரீன்ல த்ராட்டில் கோடு 93-ல நின்னுச்சு. மேட்ட இழுத்து விட்டதும் 100. அவ்ளோதான்.

### 2-ஆ. ஸ்கிரீன்ல பாருங்க

கேமுக்குள்ள டெலிமெட்ரியோ (காரோட அளவுகள நம்பரா காட்டுறது) பெடல் கோடோ காட்டுற இடம் இருக்கும், அத ஆன் பண்ணுங்க. விண்டோஸ்னா தேடுற இடத்துல ஜாய் டாட் சிபிஎல்னு ஆங்கிலத்துல அடிச்சா கன்ட்ரோலர் டெஸ்ட் பக்கம் வரும். ரெண்டு விஷயம் பாக்கணும். த்ராட்டில முழுசா மிதிச்சா 100 வருதா, வந்து அங்கயே நிக்குதா. அப்புறம் பிரேக்ல கால் வைக்காதப்ப பூஜ்யம் காட்டுதா. இந்த ரெண்டாவத யாரும் பாக்கிறதே இல்ல. பிரேக் 2, 3 சதவீதம் துடிச்சுக்கிட்டே இருந்தா கார் லேசா பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடும், உங்களுக்கு எதுவும் தெரியாது, நேர் ரோட்ல மட்டும் தோத்துக்கிட்டே இருப்பீங்க.

### 2-இ. கேலிபரேஷன், டெட்ஜோன்

சில பெடல் யூஎஸ்பி சொருகுன உடனே தானா அளவெடுக்கும், அந்த நேரத்துல கால் பெடல் மேல இருந்தா தப்பான அளவ எடுத்துக்கும். கழட்டிட்டு, கால எடுத்துட்டு, திரும்ப சொருகி மூணு பெடலையும் ஒரு தடவ முழுசா மிதிச்சு விடுங்க. ஹப் வழியா சொருகியிருந்தா நேரா கம்ப்யூட்டர்லயோ கன்சோல்லயோ சொருகுங்க. அப்பவும் 97, 98-லயே நின்னா கேம் செட்டிங்ஸ்ல த்ராட்டிலுக்கு மேல் பக்கம் 3 சதவீதம், பிரேக்குக்கு கீழ் பக்கம் 3 சதவீதம் டெட்ஜோன் (கேம் கண்டுக்காம விடுற பெடல் தூரம்) குடுங்க.

### 2-ஈ. செட்டப்

பெடல் சரியா இருந்தா காரப் பாருங்க. பின் இறக்கை ரொம்ப நிமிர்ந்திருக்கா, கடைசி கியர் ரொம்ப சின்னதா இருந்து நேர் ரோடு பாதிலயே இன்ஜின் லிமிட்ல முட்டுதா, எரிபொருள் டேங்க் நிறைய போட்டிருக்கா. கார்னர்லேர்ந்து வெளிய வரும்போது எதிராளிக்கு முன்னாடி த்ராட்டில் முழுசாக் குடுக்கிறீங்களானும் ரீப்ளேல பாருங்க, கார்னர் முடியிற இடத்துல தொலைக்கிற வேகம் நேர் ரோடு முடியிற வரைக்கும் கூடவே வரும்.

### 2-உ. எப்ப ஆளக் கூப்பிடணும்

விலை கம்மியான பெடல்ல உள்ள பொட்டன்ஷியோமீட்டர் (பெடல் எவ்ளோ இறங்குதுனு அளக்கிற பாகம்) இருக்கும், தூசி போனாலும் தேஞ்சாலும் கோடு துடிக்கும். வாரண்டி இருந்தா எதையும் திறக்காதீங்க, நேரா கம்பெனிக்கு அனுப்புங்க. வாரண்டி முடிஞ்சிருந்தா யூஎஸ்பிய கழட்டிட்டு காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு அடிச்சு பெடல முப்பது தடவ மிதிச்சு விட்டு, நல்லா காய்ஞ்சப்புறம் சொருகிப் பாருங்க. ரெண்டு வாரத்துல திரும்ப துடிக்க ஆரம்பிச்சா பொட்டன்ஷியோமீட்டர மாத்தணும், சோல்டரிங் பழக்கம் இல்லைன்னா எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்துடுங்க. வீல்லேர்ந்து கருகுன வாசனையோ கரகரனு மோட்டர் சத்தமோ வந்தா அந்த நிமிஷமே கரண்ட்லேர்ந்து புடுங்கிடுங்க, அத வீட்ல வச்சு சோதிக்கக் கூடாது.

## அறிகுறி 3: ரியலிசம் வேணும்னு அசிஸ்ட் எல்லாம் ஆஃப் பண்ணேன், கார் சுத்திக்கிட்டே இருக்கு

### 3-அ. எல்லாத்தையும் ஒண்ணா ஆஃப் பண்ணீங்களா?

ஒண்ணொண்ணா பண்ணுங்க. அசிஸ்ட்னா ஓட்டுறதுக்கு கேம் குடுக்கிற உதவி. முதல்ல டிரைவிங் லைன (எந்த வழியா போகணும்னு ரோட்ல காட்டுற கோடு) பிரேக் போடுற இடத்துல மட்டும் காட்டுற மாதிரி வைங்க, அடுத்து ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (கார் சுத்தாமப் பாத்துக்கிறது), அடுத்து டிராக்ஷன் கன்ட்ரோல் (த்ராட்டில் குடுக்கும்போது டயர் வழுக்காமப் பாத்துக்கிறது), கடைசியா ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கிறது). ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு வாரமாவது ஓட்டுங்க.

### 3-ஆ. அந்தக் காருக்கு நிஜத்துல என்ன இருக்கு?

எல்லாத்தையும் ஆஃப் பண்ணாத்தான் ரியலிசம்னு ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கு, அது தப்பு. ஜிடி3ங்கிற வகை ரேஸ் கார்ல (ஸ்போர்ட்ஸ் கார ரேஸுக்கு மாத்தினது) நிஜமாவே ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கன்ட்ரோலும் இருக்கு, ஓட்டுறவங்க அத ஸ்டீயரிங்லயே ஏத்தி இறக்கிக்கிறாங்க. எஃப்1-ல ஏபிஎஸ்ஸ 1994-ல தடை பண்ணாங்க, டிராக்ஷன் கன்ட்ரோல 2008-ல எடுத்தாங்க. ஆக ஜிடி3 கார ஏபிஎஸ் இல்லாம ஓட்டுனா நீங்க நிஜத்த விட்டு விலகித்தான் போறீங்க. கேம்ல ஃபேக்டரினு ஒரு தேர்வு இருந்தா அதுல வைங்க, காருக்கு நிஜத்துல இருக்கிறது மட்டும் வேலை செய்யும்.

### 3-இ. வீலும் டிவியும்

வீல் 900 டிகிரி திரும்புது, கேம்ல வேற நம்பர் போட்டிருந்தா நீங்க திருப்புற அளவும் கார் திரும்புற அளவும் ஒத்துப்போகாது, ரெண்டையும் ஒத்து வைங்க. ஃபோர்ஸ் ஃபீட்பேக்க (வீல் கைக்குக் குடுக்கிற எதிர் விசை) ரொம்ப ஏத்தி வச்சா கல்லு மாதிரி ஒரே கனமா இருக்கும், டயர் வழுக்க ஆரம்பிக்கிற அந்த லேசான தளர்ச்சி கைக்கு வராது, கைக்கு வரலைன்னா கார் சுத்தினப்புறம்தான் உங்களுக்கே தெரியும். குறைச்சுப் பாருங்க. டிவில ஆடுறீங்கன்னா கேம் மோட் ஆன்ல இருக்கானு பாருங்க, இல்லைன்னா நீங்க திருப்பி முடிச்சப்புறம்தான் படம் திரும்பும்.

### 3-ஈ. முதல் லேப்ல மட்டும் சுத்துதா?

டயர் சூடாகல. ரெண்டு லேப் நிதானமா போங்க.

## அறிகுறி 4: ஒரு டிராக்ல எதிராளி தூங்கி வழியுறான், இன்னொரு டிராக்ல கிட்டவே போக முடியல

இது கேட்ச்-அப்புக்கு நேர் எதிர். கேட்ச்-அப் இருந்தா எல்லா டிராக்லயும் ரேஸ் நெருக்கமா இருக்கும், இது மாதிரி ஏறி இறங்குதுன்னா எதிராளிக்கு நிலையான வேகம் இருக்குனு அர்த்தம், அது நல்ல விஷயம். எஃப்1 கேம்ல கஷ்ட அளவு 0-லேர்ந்து 110 வரைக்கும், ஆட்டோமொபிலிஸ்டா 2-ல 70-லேர்ந்து 120 வரைக்கும். எல்லா டிராக்குக்கும் ஒரே நம்பர் சரியா வராது, உங்களுக்கும் எல்லா டிராக்கும் ஒரே மாதிரி பழகியிருக்காது. பிராக்டிஸ்ல 10 லேப் ஓட்டி அதுல நல்ல மூணோட சராசரி எடுங்க, எதிராளிங்கள்ல நடுவுல இருக்கிறவன் அதுக்கு எவ்ளோ பக்கத்துல வர்றானு பாத்து நம்பர ரெண்டு ரெண்டா மாத்துங்க. டிராக் பேரும் நம்பரும் நோட்ல எழுதி வச்சுட்டா அடுத்த தடவ தேட வேணாம்.

### 4-அ. முதல் கார் ரொம்ப முன்னாடியே கிளம்பிடுதா?

கிரான் டூரிஸ்மோ 7 கேரியர் ரேஸ் நிறையல ஓடிக்கிட்டே ஆரம்பிப்பாங்க, நீங்க கடைசி வரிசை, முதல் கார் எங்கயோ இருக்கும், குறிப்பிட்ட லேப்புக்குள்ள எல்லாரையும் தாண்டணும். முயலத் துரத்துற மாதிரினு ஆடுறவங்க சொல்வாங்க. ரேஸ் அமைப்பே அப்படி, செட்டிங்ஸ்ல தேடாதீங்க. நேருக்கு நேர் மோதணும்னா கஸ்டம் ரேஸ்ல நின்ன இடத்துலேர்ந்து கிளம்புற மாதிரி வைங்க.

## அறிகுறி 5: ஆன்லைன்ல எதிராளி கார் பின்னாடி இழுத்துக்கிட்டு திடீர்னு முன்னாடி குதிக்குது

இதையும் ரப்பர் பேண்டிங்னுதான் சொல்றாங்க, அதனால ரெண்டு பேர் வேற வேற விஷயத்த வச்சு சண்டை போட்டுக்கிறாங்க. இது நெட் பிரச்சனை, கேட்ச்-அப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரே ஒரு கார் மட்டும் குதிச்சா அவங்க நெட், எல்லா காரும் குதிச்சா உங்க நெட். உங்களதுன்னா வைஃபைய விட்டுட்டு கேபிள் போடுங்க, பக்கத்துல ஓடுற டவுன்லோட நிறுத்துங்க, பிங்க (சர்வர்லேர்ந்து பதில் வர்ற நேரத்தப் பாக்குற டெஸ்ட்) பத்து நிமிஷம் ஓட விட்டு நடுவுல பதில் வராமப் போகுதானு பாருங்க, பக்கத்து ஊர் சர்வர எடுங்க. கேபிள்லயும் பதில் தொலைஞ்சா நெட் கம்பெனில சொல்லி லைன பாக்கச் சொல்லுங்க, அது நம்ம கையில இல்ல.

## அறிகுறி 6: வீட்ல சேந்து ஆடும்போது ஒருத்தர் மட்டும் எப்பவும் கடைசி

இங்க கேட்ச்-அப்ப ஆன் பண்ணுங்க, தயங்காதீங்க. ரேஸ் பாதிலயே கன்ட்ரோலரக் கீழ வச்சுட்டு எழுந்து போற ஒரு முகத்தப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

### 6-அ. ஓட்டவே வரலையா?

கார் சுவத்துல முட்டிக்கிட்டே நிக்குதுன்னா அவருக்கு வேகம் குடுத்துப் பயனில்ல. மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல ஸ்மார்ட் ஸ்டீயரிங் இருக்கு, ரோட்ட விட்டு வெளிய விழாமப் பாத்துக்கும், தானா ஓடுற மாதிரியும் வைக்கலாம், சின்னப் பிள்ளைங்களுக்கு அதுவே போதும். சிம் கேம்னா அவங்களுக்கு மட்டும் ஸ்டெபிலிட்டியும் டிரைவிங் லைனும் ஆன்.

### 6-ஆ. ஓட்ட வருது, வேகம்தான் கம்மியா?

வேகமா ஓட்டுறவர் கார்ல எடைய ஏத்துங்க, இல்ல அவர் ஒரு படி கம்மியான கார எடுக்கட்டும். இது ரியலிசத்துக்கு விரோதம்னு சொல்றவங்க ஜப்பான்ல நடக்கிற சூப்பர் ஜிடி தொடரப் பாக்கணும், அங்க நிஜமாவே ஜெயிக்கிற காருக்கு அடுத்த ரேஸ்ல எடை ஏத்துவாங்க. யாருக்கு எத்தன கிலோனு எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் ஏமாந்த மாதிரி உணர மாட்டாங்க. பத்து செகண்ட் தள்ளிக் கிளம்புறதும் நல்ல வழி, எந்த மெனுவும் வேணாம்.

### 6-இ. அப்பவும் ஒரு நிமிஷம் பின்தங்கினா?

பூஸ்ட்ட முதல்ல குறைஞ்ச அளவுல வைங்க, ஜாஸ்தில வச்சா முன்னாடி இருக்கிறவர் ஓட்டுறதயே விட்டுட்டு கண்ணாடியப் பாத்துக்கிட்டு இருப்பார். மூணு ரேஸுக்கு ஒரு தடவ இடைவெளிய எழுதுங்க, 10 செகண்டுக்குள்ள வந்ததும் பூஸ்ட்ட எடுத்துட்டு எடைக்கு மாறுங்க, அப்புறம் ரேஸுக்கு ரேஸ் 20 கிலோ குறைச்சுக்கிட்டே வாங்க.